புது மருந்து வந்தாச்சு... தங்கமா, தகரமா?

'புதுசு' என்றாலே நல்லது, விலை கூடுதல் என்றால் இன்னும் நல்லது என்று நினைக்கிறோம். ஒரு மருந்தின் உண்மையான மதிப்பை எப்படி எடை போடுகிறார்கள்? காசநோய் மருந்துகளின் கதையை வைத்து விளக்குகிறார், விருத்தாசலத்தில் வைத்தியம் பார்க்கும் சித்த மருத்துவர் ஒருவர்.

"ஐயா, புதுசா ஒரு மாத்திரை வந்திருக்காமே... விலை ஜாஸ்தியாம். நகையை வெச்சாவது வாங்கிடலாமா?"

என் வைத்தியசாலைக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. சர்க்கரைக்குப் புது மாத்திரை, மூட்டுவலிக்குப் புது ஊசி, புற்றுநோய்க்குப் புது மருந்து... சித்த வைத்தியரிடம் வந்து இங்கிலீஷ் மருந்தைப் பற்றிக் கேட்கிறார்களே என்று ஆச்சரியப்படாதீர்கள். பெரிய ஆஸ்பத்திரியில் கேட்கத் தயங்குவதை, தெரிந்த வைத்தியரிடம் உரிமையோடு கேட்பது நம் ஊர் வழக்கம்தானே!

ஒரு புடவை எடுக்கக் கடைக்குப் போனால் என்ன செய்கிறோம்? பத்து புடவையைப் பிரிக்கச் சொல்லி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "சாயம் போகுமா?" என்று கேட்டு, பக்கத்துக் கடை விலையையும் விசாரித்துவிட்டுத்தான் பையைத் திறக்கிறோம். மருந்து விஷயத்தில் மட்டும் 'புதுசு' என்ற ஒரே வார்த்தைக்குக் கடன் வாங்கவும் தயாராகிவிடுகிறோம். உயிர் பயம்தான் காரணம். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால், புது மருந்தையும் உரைகல்லில் உரசிப் பார்க்க வழி இருக்கிறது. அதைத் தெரிந்து வைத்துக்கொள்வது ஒவ்வொரு குடும்பத்துக்கும் நல்லது.

லைசென்ஸ் வேறு, மதிப்பு வேறு

முதலில் ஒரு விஷயம். ஒரு மருந்து கடைக்கு வந்துவிட்டது என்றாலே, 'பழைய மருந்தைவிட இது உசத்தி' என்று அரசாங்கம் முத்திரை குத்திவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை.

மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அனுமதி கொடுக்கும்போது முக்கியமாகப் பார்ப்பவை மூன்று. வேலை செய்கிறதா? ஆபத்தைவிட நன்மை அதிகமா? சரியான தரத்தில் தயாரிக்கிறார்களா? 'ஏற்கெனவே இருக்கும் மருந்தைவிட இது எவ்வளவு மேல்? அந்த மேலான பங்குக்கு இந்த விலை தகுமா?' என்பது இரண்டாவது வாசலில் கேட்கப்படும் கேள்வி. பல மருந்துகள் முதல் வாசலைத் தாண்டும், இரண்டாவது வாசலில் திணறும்.

அந்த இரண்டாவது வாசலுக்கு இங்கிலாந்தில் 1999-லேயே தனி அமைப்பு ஏற்படுத்தினார்கள். 'நைஸ்' என்று அதற்குப் பெயர். நம் நாட்டில் மத்திய அரசின் சுகாதார ஆராய்ச்சித் துறையின் கீழ் 2017-ல் 'மருத்துவத் தொழில்நுட்ப மதிப்பீட்டு' அமைப்பு தொடங்கப்பட்டது. பெயரைக் கேட்டால் வாய் வலிக்கும். வேலை என்னவோ நம் வீட்டம்மாக்கள் தினமும் சந்தையில் செய்வதுதான். கொடுக்கிற காசுக்கு வாங்குகிற சரக்கு சரியா என்று பார்ப்பது!

நம் ஊர்த் தூசியும் காசமும்

இதை விளக்கக் காசநோயை ஏன் எடுத்துக்கொள்கிறேன்? விருத்தாசலம் என்றால் பழமலைநாதர் கோயிலுக்கு அடுத்தபடியாக எல்லோருக்கும் நினைவு வருவது செராமிக்தான். பொம்மை, ஜாடி, மின்சார பியூஸ் கேரியர் என்று எத்தனையோ சாமான்கள் இங்கே சூளையில் வேகின்றன. கல்லை அரைக்கும் இடத்திலும், காய்ந்த சாமானைத் தேய்க்கும் இடத்திலும் பறக்கும் நுண்ணிய தூசியில் 'சிலிக்கா' இருக்கிறது. வருடக்கணக்கில் அதைச் சுவாசித்தால் நுரையீரலில் தழும்பு விழும். அதற்குச் 'சிலிகோசிஸ்' என்று பெயர். அந்தத் தழும்பை ஆற்ற எந்த வைத்திய முறையிலும் மருந்து இல்லை. அப்படிப்பட்ட நுரையீரலைக் காசநோய்க் கிருமி மற்றவர்களைவிடப் பல மடங்கு சுலபமாகப் பிடித்துக்கொள்ளும்.

ஆகவே தூசியில் வேலை செய்கிறவருக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், "புகைச்சல்தான், தானா போயிடும்" என்று விடக்கூடாது. அரசு ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை இலவசம். மருந்தும் இலவசம்.

காசநோயைத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணமும் உண்டு. 'இந்த வைத்தியத்துக்கு இந்தச் செலவு தேவைதானா?' என்ற கேள்வியை முறையாகக் கேட்டு, உலகம் முழுவதற்கும் விடை சொன்னது நம் சென்னைதான்!

சேத்துப்பட்டு சொன்ன பாடம்

தாம்பரத்துக்குப் பக்கத்தில் 'சானடோரியம்' என்று ஒரு ரயில் நிலையம் இருக்கிறதே, பார்த்திருப்பீர்கள். காசநோயாளிகளை வீட்டிலிருந்து பிரித்து, காற்றோட்டமான இடத்தில் மாதக்கணக்கில் தங்க வைத்து, பாலும் முட்டையும் கொடுத்து, படுத்த படுக்கையாக ஓய்வு கொடுப்பதுதான் அந்தக் கால வைத்தியம். அதற்கான இடங்களே சானடோரியங்கள். ஆனால், நாட்டில் நோயாளிகளோ பல லட்சம். படுக்கைகளோ கொஞ்சம்.

1950-களில் ஐசோனியசிட் போன்ற மாத்திரைகள் வந்தன. உடனே ஒரு கேள்வி எழுந்தது. மருந்து இருக்கும்போது சானடோரியம் தேவையா? வீட்டிலேயே கொடுத்தால் போதாதா?

இதைச் சோதிக்க 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் ஓர் ஆய்வு மையம் தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் கைகோத்தன. ஏறத்தாழ 190 ஏழை நோயாளிகள். யார் வீட்டில், யார் சானடோரியத்தில் என்பதைக் கிட்டத்தட்ட சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல முடிவு செய்தார்கள். இரு தரப்புக்கும் ஒரே மருந்துகள், ஒரே ஒரு வருடம். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல சாப்பாடும் ஓய்வும் கிடைத்தன. வீட்டில் இருந்தவர்களுக்கு நெருக்கடியான குடிசை, அரைவயிற்றுக் கஞ்சி.

முடிவு 1959-ல் வெளிவந்தது. ஒரு வருட முடிவில் சானடோரியத்தில் 100-க்கு 92 பேருக்கும், வீட்டில் 100-க்கு 86 பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்தபோது இரு தரப்பும் ஏறக்குறைய சமம்! வீட்டில் வைத்துப் பார்த்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை.

இதன் பிறகுதான் உலகெங்கும் சானடோரியங்கள் மெல்ல மூடப்பட்டன. காசநோய்க்கு வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிடலாம் என்ற வழக்கம் வந்தது. பெற்ற பிள்ளையைப் பிரிந்து எத்தனை தாய்மார்கள் மாதக்கணக்கில் படுத்திருக்க வேண்டியிருந்திருக்கும்! அந்தப் பிரிவு தேவையில்லை என்று காட்டியதும் வைத்தியம்தான்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. புதிய முறையை 'ஒன்றுமே இல்லாததோடு' அவர்கள் ஒப்பிடவில்லை. அன்றைக்கு இருந்த 'மிகச் சிறந்த' வைத்தியத்தோடு ஒப்பிட்டார்கள். மதிப்பீட்டின் உயிர்நாடியே அதுதான்.

'நலமான ஒரு வருடம்' என்ன விலை?

சரி, இரண்டு மருந்தை ஒப்பிடுகிறோம். ஒன்று ஆயுளைக் கூட்டுகிறது, இன்னொன்று வலியைக் குறைக்கிறது. புளியையும் புடலங்காயையும் எப்படி ஒரே தராசில் வைப்பது?

இதற்கு நிபுணர்கள் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். முழு ஆரோக்கியத்தோடு ஒருவர் வாழும் ஒரு வருடத்துக்கு மதிப்பு 1. படுக்கையிலும் வலியிலும் பாதி சுகத்தோடு கழிக்கும் வருடத்துக்கு மதிப்பு அரை. இப்படி ஆயுளின் நீளத்தையும் அதன் தரத்தையும் பெருக்கிக் கணக்கிடுகிறார்கள்.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். பழைய மருந்தால் ஒருவர் 10 வருடம் பாதி சுகத்தோடு வாழ்கிறார். 5 நலமான வருடங்கள். புது மருந்தால் அதே 10 வருடத்தை முக்கால் பங்குக்கும் மேலான சுகத்தோடு, அதாவது 0.8 என்ற அளவில் வாழ்கிறார். 8 நலமான வருடங்கள். லாபம் 3. புது மருந்துக்குக் கூடுதல் செலவு 3 லட்சம் ரூபாய் என்றால், நலமான ஒரு வருடத்துக்கு 1 லட்சம் ஆகிறது. இந்த லட்சத்தை வேறொரு நோய்க்குச் செலவழித்தால் இதைவிட அதிகம் பேருக்கு நல்லது நடக்குமா என்று அரசாங்கம் யோசிக்கும். இங்கிலாந்தில் பல வருடங்களாக, நலமான ஒரு வருடத்துக்கு 20,000 முதல் 30,000 பவுண்டு வரை என்பதை எல்லைக்கோடாக வைத்திருந்தார்கள்.

"மனுஷ உயிருக்கு விலை போடறாங்களா?" என்று உங்களுக்குக் கோபம் வரலாம். எனக்கும் இந்தக் கணக்கில் சில குறைகள் தெரிகின்றன. வயதானவர்களுக்கும் ஊனமுற்றவர்களுக்கும் இது அநியாயம் செய்துவிடக் கூடும் என்று அறிஞர்களே எச்சரிக்கிறார்கள். ஆனால், கணக்கே போடாமல் இருந்தால் என்ன நடக்கும்? யார் அதிகம் விளம்பரம் செய்கிறார்களோ அவர்கள் மருந்துக்குப் பணம் போகும். மூலையில் இருக்கும் ஏழை நோயாளிக்கு ஒன்றும் மிஞ்சாது.

தமிழ்நாட்டுக்கு இந்தச் சிந்தனை புதிதல்ல. 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அவசியமான மருந்துகளைப் பட்டியல் போட்டு, மொத்தமாக டெண்டர் விட்டு, தரம் பரிசோதித்து, அரசு ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிறது. பிற மாநிலங்கள் வந்து பார்த்துவிட்டுப் போய்ப் பின்பற்றிய முறை இது.

பெடாக்குயிலின் கதை

இப்போது ஒரு புது மருந்து இந்தத் தராசில் ஏறி இறங்கிய கதையைப் பார்ப்போம்.

சாதாரணக் காசநோய் ஆறு மாதம் ஒழுங்காக மருந்து சாப்பிட்டால் குணமாகும். இரண்டு மாதத்தில் இருமல் நின்றதும் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்களே, அங்கேதான் வினை. கிருமி மருந்துக்குப் பழகி முரடாகிவிடுகிறது. அதன் பிறகு கொடுக்கும் வைத்தியம் பழைய முறையில் ஒன்றரை, இரண்டு வருடம். மாதக்கணக்கில் தினமும் கானமைசின் ஊசி. இடுப்பில் ஊசி போட இடமிருக்காது. பலருக்குக் காது கேட்காமல் போனது. இவ்வளவு பட்டும் பாதிப் பேருக்குத்தான் குணம்.

இந்த நிலையில் 2012 டிசம்பரில் அமெரிக்காவில் 'பெடாக்குயிலின்' என்ற மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. புதிய வழியில் காசநோய்க் கிருமியைத் தாக்கும் மருந்து 40 வருடத்துக்குப் பிறகு வந்தது அதுதான். ஆனால், ஒரு சிக்கல்! ஆரம்ப ஆய்வில் இந்த மாத்திரை சாப்பிட்ட 79 பேரில் 10 பேர் இறந்திருந்தார்கள். சாப்பிடாத 81 பேரில் இறந்தவர்கள் 2 பேர்தான். இதயத் துடிப்பிலும் மாற்றம் தெரிந்தது. அதனால் பெரிய எச்சரிக்கையோடுதான் அனுமதி கொடுத்தார்கள்.

இங்கே அவசரப்பட்டிருந்தால் இரண்டு பக்கமும் தப்பாகியிருக்கும். 'அற்புத மருந்து' என்று எல்லோருக்கும் அள்ளிக் கொடுத்திருந்தாலும் தப்பு. 'ஆபத்து' என்று தூக்கிப் போட்டிருந்தாலும் தப்பு. நம் நாட்டில் 2016-ல் ஆறு பெரிய ஆஸ்பத்திரிகளில் மட்டும், இ.சி.ஜி. எடுத்துக் கண்காணித்தபடி கொடுக்கத் தொடங்கினார்கள். தென்னாப்பிரிக்காவில் ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கொடுத்துப் பார்த்ததில், இந்த மாத்திரை சாப்பிட்டவர்களிடம் இறப்பு குறைவு என்று தெரிந்தது. 2018-ல் உலக சுகாதார நிறுவனம் இதை முன்வரிசைக்குக் கொண்டுவந்து, கானமைசின் ஊசியை ஒதுக்கச் சொன்னது.

மருந்தின் மதிப்பு ஒரே நாளில் தெரிந்துவிடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

விலையும் தராசில் ஒரு தட்டு

பெடாக்குயிலினுக்கு ஆரம்பத்தில் ஆறு மாதத்துக்கான விலை என்ன தெரியுமா? பணக்கார நாட்டுக்கு 30,000 டாலர், நடுத்தர நாட்டுக்கு 3,000 டாலர், ஏழை நாட்டுக்கு 900 டாலர்! ஒரே மாத்திரை, மூன்று விலை. வளரும் நாடுகளுக்கான விலை 2018-ல் 400 டாலராகவும், 2020-ல் 340 டாலராகவும் இறங்கியது. 2023 ஆகஸ்டில் 130 டாலருக்கு வந்தது.

இந்தக் கடைசி இறக்கத்துக்குப் பின்னால் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். மும்பையைச் சேர்ந்த நந்திதா வெங்கடேசன், தென்னாப்பிரிக்காவின் பும்சா டிசிலே. இருவரும் கடுமையான காசநோயிலிருந்து மீண்டவர்கள். இருவரும் பழைய மருந்துகளின் பக்கவிளைவால் கேட்கும் சக்தியை இழந்தவர்கள். மூல மருந்தின் காப்புரிமை 2023 ஜூலையில் முடியவிருந்தது. அதே மருந்தின் உப்பு வடிவத்துக்கு ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் கேட்ட கூடுதல் காப்புரிமையை எதிர்த்து இவர்கள் மனு போட்டார்கள். 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் நிறுவனத்தின் விண்ணப்பத்தை நிராகரித்தது. நம் நாட்டுக் கம்பெனிகளும் தயாரிக்க வழி பிறந்தது.

விலை 30,000 டாலராக இருக்கும்போது 'கட்டுப்படியாகாது' என்று தோன்றும் மருந்து, 130 டாலர் ஆகும்போது 'கட்டாயம் வேண்டும்' என்றாகிவிடுகிறது. மருந்து மாறவில்லை, தராசின் மறுதட்டுதான் மாறியது.

இருபது மாதம் ஆறு மாதமானது

அடுத்து, பெடாக்குயிலினோடு பிரெட்டோமானிட், லினசோலிட், மாக்சிஃபுளோக்சசின் சேர்த்து நான்கு மாத்திரை, ஆறே மாதம் என்று புது முறை வந்தது. பல நாடுகளில் நடந்த ஆய்வு 2022-ல் வெளியானது. புது முறையில் 100-க்கு 89 பேருக்கு நல்ல பலன். பழைய முறையில் 52 பேருக்கு.

குறை இல்லையா? இருக்கிறது. லினசோலிட் அதிகமானால் பாதம் மரத்துப்போகும், ரத்தம் குறையும், பார்வை பாதிக்கலாம். அதனால் எந்த அளவு போதும் என்று நம் சேத்துப்பட்டு நிறுவனமே இந்திய நோயாளிகளிடம் ஆய்வு நடத்தியது. ஆம், 1956-ல் தொடங்கிய அதே மையம்தான். இப்போது அதன் பெயர் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். செலவுக் கணக்கையும் அங்கிருக்கும் ஆய்வாளர்கள் போட்டுப் பார்த்தார்கள். மாத்திரை விலை அதிகமாக இருந்தாலும், மாதங்கள் குறைவதால் மொத்தத்தில் கட்டுப்படியாகிறது என்று தெரிந்தது.

2024 செப்டம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் இந்த முறையை நாட்டின் காசநோய்த் திட்டத்தில் சேர்ப்பதாக அறிவித்தது. பாதுகாப்பையும் செலவையும் மதிப்பீடு செய்த பிறகே சேர்க்கிறோம் என்று சொல்லியது. மருந்துக்கு அடங்காத காசநோயாளிகள் நாட்டில் சுமார் 75,000 பேர். பழைய முறையில் 20 மாதம் வரை இழுத்தது, இனி 6 மாதம். சூளையில் தினக்கூலிக்கு வேலை பார்ப்பவருக்கு மிச்சமாகும் அந்த 14 மாதம் பிள்ளையின் பள்ளிப் படிப்பு, வீட்டு வாடகை, வைத்த நகை எல்லாம்தான்.

அரிசியும் பருப்பும் தராசில்!

சித்த மருத்துவர்கள் 'உணவே மருந்து' என்று சொன்னால் சிலர் சிரிப்பார்கள். அதையும் முறையாகச் சோதித்திருக்கிறார்கள். ஜார்க்கண்ட் மாநிலத்தில் 2019 முதல் 2022 வரை, காசநோயாளிகளின் வீட்டில் இருக்கும் 10,000-க்கும் மேற்பட்டவர்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மாதாமாதம் அரிசி, பருப்பு, சத்து மாத்திரை கொடுத்தார்கள். அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது கிட்டத்தட்ட 40 சதவீதம் குறைந்தது. 2024 நவம்பர் முதல் காசநோயாளிகளுக்கு மாதா மாதம் சத்துணவுக்கு அரசு தரும் 500 ரூபாயை 1,000 ஆக்கினார்கள்.

சேத்துப்பட்டு ஆய்வில் சாப்பாடு இல்லாமலே குணமானதே என்று கேட்பீர்கள். அங்கே பார்த்தது மருந்து சாப்பிடுகிறவருக்குக் குணமாவதை. இங்கே பார்த்தது கூட இருப்பவருக்கு நோய் வராமல் தடுப்பதை. கேள்வி மாறினால் விடையும் மாறும்.

எங்கள் மருந்துக்கும் அதே தராசு

"இங்கிலீஷ் மருந்தை இவ்வளவு சோதிக்கச் சொல்றீங்களே, உங்க லேகியத்துக்கு?" என்று கேளுங்கள். கேட்கத்தான் வேண்டும்! ஆடாதோடை இலை சளியை இளக்கும் என்று நம் முன்னோர் சொன்னார்கள். அதில் இருக்கும் சத்தை அடிப்படையாக வைத்துத்தான் 'புரோம்ஹெக்சின்' என்ற சளி மருந்தே உருவானது. அதற்காக, ஆடாதோடைக் கஷாயம் காசநோயைக் குணமாக்கும் என்று நான் சொன்னால் அது பொய். காசநோய்க் கிருமியைக் கொல்ல அரசு தரும் மாத்திரைதான் வேண்டும். அதை நிறுத்திவிட்டு லேகியம் சாப்பிடச் சொல்கிறவர் யாராக இருந்தாலும், எந்தப் பட்டம் வைத்திருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

பழசு என்பதாலேயே ஒரு மருந்து உயர்ந்ததாகிவிடாது. புதுசு என்பதாலும் ஆகிவிடாது. இரண்டையும் ஒரே கல்லில் உரச வேண்டும்.

டாக்டரிடம் கேளுங்கள்!

உங்கள் வீட்டில் யாருக்காவது விலை உயர்ந்த புது மருந்தை எழுதிக் கொடுத்தால், பயப்படாமல், பணிவாகவே இந்த ஆறு கேள்விகளைக் கேளுங்கள்:

1. இப்போது சாப்பிடும் மருந்தைவிட இது எந்த விதத்தில் மேல்?

2. 100 பேர் இதைச் சாப்பிட்டால், பழைய மருந்தைவிடக் கூடுதலாக எத்தனை பேருக்குப் பலன் கிடைக்கும்?

3. குறைவது பரிசோதனை எண் மட்டும்தானா? ஆயுள் கூடுமா, நடமாட்டம், தூக்கம், வலி இவற்றில் வித்தியாசம் தெரியுமா?

4. என்ன பக்கவிளைவு வரும்? எதைக் கண்டால் உடனே வர வேண்டும்?

5. எத்தனை நாள் சாப்பிட வேண்டும்? முழுக் காலத்துக்கும் மொத்தச் செலவு எவ்வளவு?

6. இதே மூலப்பொருளில் விலை குறைந்த மருந்து உண்டா? அரசு ஆஸ்பத்திரியிலோ, மக்கள் மருந்தகத்திலோ, காப்பீட்டுத் திட்டத்திலோ கிடைக்குமா?

ஐந்தாவது கேள்வியை மறந்துவிடாதீர்கள். நகையை வைத்து இரண்டு மாதம் வாங்கி, மூன்றாம் மாதம் பணமில்லாமல் நிறுத்துவது பல நோய்களில் ஆபத்து. காசநோயில் அது பேராபத்து. நல்ல டாக்டர் இந்தக் கேள்விகளுக்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். பதில் எழுதிக் கொடுத்தால் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு பதில்களும் திருப்தியாக இருந்தால், அந்த மருந்து புதுசோ பழசோ, தயங்காமல் சாப்பிடுங்கள். சொன்ன நாள் வரை, ஒரு வேளையும் விடாமல்!